‘ச’ இல்லாத சரளி வரிசை

கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவது அந்தக் காலத்தில் என் வழக்கம். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே, எப்படி மறுப்பது? ‘நிச்சயமாகவா?’ என்று மறுபடி கேட்டாலும் ஆம்தான். மனிதர்கள் யாரும் என் அபிப்பிராயத்தை இரண்டு முறை கேட்டதில்லை.

அப்படி ஒரு ஆம் சொல்லித்தான் என் மனைவியின் குரலை அழித்தேன். முழுதாக அழித்தேன் என்று சொன்னால் அது மிகை. அவள் பாடியதில் ‘ச’வும் ‘ப’வும் மட்டும் போயின.

உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுவது என் தொழில். ஊரில் என்னை ரைட்டர் என்பார்கள். பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்தால்கூட, இந்தப் பக்கத்தில் இந்த வரியில் அடித்தல் உண்டு என்று கீழே எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். அப்படியே பழகிய ஒருவன் கையில், அழித்த சுவடே தெரியாமல் அழிக்கிற சாமானைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தவரும் காசு வாங்கிக்கொள்ளவில்லை. இலவசம்.

என் மனைவி காஞ்சிபுரத்தில் தறி போட்டிருந்த குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே சர்க்கார் பரீட்சை எழுதி, பாட்டு வாத்தியாராகலாம் என்று சான்றிதழ் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சான்றிதழ் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் குடியிருந்தது. ரேஷன் கார்டு எடுக்கும்போதெல்லாம் அவள் அதையும் எடுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வைப்பாள். நான் சர்க்கரை வாங்கப் போவேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் போகிற சாலையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் புதிதாகப் பாட்டு வகுப்பு ஆரம்பிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளே போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் அம்மாள் இரண்டு காரியம் சொல்லியிருந்தார். பாட்டு அரிச்சுவடியான சரளி வரிசை பாடி ஒரு சிடி கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும்.

“எனுக்கு நாப்பது ஆவப்போவுது,” என்றாள் என்னிடம். “இது தவறிச்சின்னா அப்பால எவனும் கூப்ட மாட்டான். ஒங்களுக்கு சோறு ஆக்கிக்கினு கெடக்க வேண்டியதுதான்.”

“நல்லாத்தான ஆக்குறே,” என்றேன்.

அதற்கு அவள் பார்த்த பார்வையை எழுத, நான்கெல்லை விவரம் தவறாமல் எழுதுகிற எனக்கே சொல் கிடைக்கவில்லை.

பஜார் தெருவில் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் வளையல், ரிப்பன், பொட்டு. பின்பக்கம் பலகைத் தடுப்புக்கு அந்தாண்டை பிரவுசிங் சென்டர். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று மட்டும் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கூட்டமாக இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார்.

“ரெக்கார்டிங்குக்கு மெட்ராஸ் போவணுமா இன்னா? பாட்ட வெட்டறது, ஒட்டறது எல்லாத்துக்கும் ஒரு சாப்ட்வேர் எறக்கி வெச்சிக்கிறேன், ரைட்டரே. ஃப்ரீ.”

“சும்மாவா குடுக்கறான்?”

“இன்டர்நெட்ல சும்மாதான் கீது. எறக்கறதுக்குத்தான் ஒரு மத்யானம் முச்சூடும் ஆச்சி.”

எனக்குச் சந்தேகம். ஒரு பொருள் பைசா இல்லாமல் கைமாறினால் அது தானம். தானத்துக்கும் முத்திரைத்தாள் வாங்கியாக வேண்டும். இவன் அதுகூடக் கேட்கவில்லையே என்று யோசித்தேன். கேட்க வேண்டியதை அவன் பிறகு வேறு விதமாக வசூலித்துக்கொண்டான்.

பஜார் தெருவில் சத்தமில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. பாய்தான் வழி சொன்னார். “வெள்ளிக்கெயம ஜும்மாவுக்குப் போறப்ப ஷட்டர எறக்கிட்டுப் போவேன். அந்தத் தெருவுல பாதிக் கட மூடித்தான் இருக்கும். உள்ள குந்திக்கினு நிம்மதியா பாடட்டும் டீச்சரம்மா.” இன்னும் டீச்சராகாதவளை டீச்சரம்மா என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

அப்படியே வெள்ளிக்கிழமை மத்தியானம், இறக்கிய ஷட்டருக்குள், பாய் காட்டிவிட்டுப் போனபடி நான் கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட, வளையல் அடுக்குகளுக்கு நடுவே என் மனைவி சரளி வரிசை பாடினாள். பக்கத்தில் ஸ்டூல்மேல் சுருதிப் பெட்டி. பாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சுருதிப் பெட்டி என்பது பாடுபவர் பக்கத்தில் விடாமல் ‘ங்ங்’ என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அதில் இருப்பது ‘ச’வும் ‘ப’வும்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற ஸ்வரங்கள் நடமாடவேண்டும். இதெல்லாம் எனக்குத் திங்கட்கிழமைக்குள் தெரிந்த விவரம். வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது, ஷட்டர் மூடிய கடையில் ஃபேன் இல்லாமல் உயிரோடு இருக்க முடியாது என்பது மட்டும். டேபிள் ஃபேனைப் போட்டேன். அது ‘டக்கு டக்கு’ என்று தலையாட்டிக்கொண்டே பாட்டு முழுவதும் கூட இருந்தது.

நன்றாகத்தான் பாடினாள். முடித்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. ஃபேனைப் பற்றி நான் சொன்னபோது, “அது கெடக்கட்டும், வுடுங்க,” என்றாள்.

சனிக்கிழமை காலை எழுந்தால் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்று வந்தது. மிளகு போட்ட பால், கற்பூரவள்ளி, உப்புத் தண்ணீர் என்று வீட்டில் இருந்த வைத்தியம் எல்லாம் ஆயிற்று. காற்று கொஞ்சம் வாசனையாக வந்தது, அவ்வளவுதான். நான் பதறினேன். அவள் பதறவில்லை. என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

“சிடி கீதுல்ல. அத ஓட வெச்சி, நான் கையில தாளம் போட்டு பசங்கள பாட வெச்சிடுவேன். போயி பாய்கிட்ட சிடியில ஏத்திக்கினு வாங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு முறை சொன்னாள். தொண்டை கட்டிய நிலையில் ஒருத்தி ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறாள் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று புருஷனுக்குத் தெரியவேண்டும்.

பாய் கடையில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே குரல் இதுதான் என்று நினைத்ததும், ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. டக்கு டக்கு. கரஸ்பாண்டென்ட் அம்மாள் முகம் சுளிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. என் மனைவியின் வேலை ஒரு டேபிள் ஃபேனால் போவதா? இரைச்சலை நீக்கு என்று அந்த சாப்ட்வேரில் ஒரு வசதி இருப்பதாகப் பாய் சொன்னார். செய்முறையை வாசித்தும் காட்டினார். பாட்டு இல்லாமல் சத்தம் மட்டும் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் தொட்டுக் காட்டு, அதை வைத்து நான் மொத்தத்திலும் அந்தச் சத்தத்தை எடுத்துவிடுகிறேன் என்று அது சொல்கிறது.

சுலபம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஆரம்பத்தில் நல்ல நீளமாக ஓர் இடம் இருந்தது. பாட்டு இல்லை. ஃபேன் சத்தம் இருந்தது. கூடவே சுருதிப் பெட்டியும் இருந்தது என்பதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்த நல்ல சாப்ட்வேர் அதை முகர்ந்து பார்த்து, ‘ச’வும் ‘ப’வும் ஃபேனும் வேண்டாத சாமான்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டது.

ஒரு தடவை ஓட்டினேன். டக்கு டக்கு குறைந்தது. கறை போகாத வேட்டியை மறுபடி அலசுவதுபோல இன்னொரு தடவை ஓட்டினேன். திரையில் இருந்த அளவுக் குமிழை முழுக்க வலப்பக்கம் தள்ளி இன்னும் ஒரு தடவை. ஃபேன் சத்தம் அடியோடு போயிற்று. எனக்கு ஒரே பெருமை. மூடும்போது ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்டது. பழைய பெயரிலேயேவா? ஆம். நிச்சயமாகவா? ஆம், ஆம்.

முன்பக்கம் ரிப்பன் அளந்துகொண்டிருந்த பாய் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ரிப்பனை அளந்தபடியே அவர் கேட்டார்.

“ரைட்டரே, டீச்சரம்மா இன்னாத்துக்கு நின்னு நின்னு பாடுது?”

“எங்க நிக்குது?”

“தோ, கேளு. ரி, க, ம. அப்பால ஆளக் காணோம். த, நி. மறுபடியும் காணோம். மூச்சு முட்டுதா அதுக்கு?”

கேட்டேன். ‘ச’ இருக்கவேண்டிய இடத்தில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கொட்டாவி விடுவதுபோல ஒரு நிழல். ‘ப’ இருந்த இடத்தில் அதுவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கேட்ட குரலில் பாதி போனதை நான் கவனிக்கவில்லை. ஃபேன் போனதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

“அயிச்சிட்டியா?” என்றார் பாய்.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்விட்ச் போர்டில் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து தேடினேன். பாயின் மச்சான் கல்யாணப் போட்டோக்கள்தான் இருந்தன. அந்த சாப்ட்வேரைச் செய்தவனைப் பிடித்துக் கேட்கலாம் என்றால், காசு கொடுத்து வாங்கியிருந்தால்தானே சண்டை போட ஓர் ஆள் இருப்பான்? கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த சாப்ட்வேரில் குரலை மேலே ஏற்றுகிற வசதியும் இருந்தது. நானே ‘ச’ பாடி, அதைப் பெண் குரல் ஆகும்வரை ஏற்றி, காலி இடங்களில் ஒட்டிவிட்டால்?

மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினேன். ஏற்றினேன். போட்டுக் கேட்டோம்.

பாய் ரிப்பனைச் சுருட்டி வைத்தார். “ஆட்டுக்குட்டிய பஸ்ஸுல ஏத்தறப்ப இப்டித்தான் கத்தும்.”

“நீயே வூட்டுக்குப் போயி சொல்லிடேன், பாய். நீ சொன்னா அவ ஒண்ணும் சொல்லமாட்டா.”

“நான் இன்னாத்துக்கு? நான் பாட்டுக்கு வளையல் வித்துக்கினு கீறேன். எனுக்கு எதுக்கு பேஜாரு?”

அதற்குள் அவளே வந்துவிட்டாள். கழுத்தைச் சுற்றி என் மப்ளர். சிடி வாங்கப் போனவன் வராததால் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். நான், “கரண்ட் இல்ல,” என்றேன். என் தலைக்குமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முழுதும் கேட்டாள். அவளால் கத்த முடியாது என்பது அப்போதைக்கு எனக்கு ஒரு பெரிய ஆறுதல்.

“ச எங்க?” என்றது காற்று.

“அது, ஃபேன் சத்தத்தோட சேந்து போயிடுச்சி.”

“ஃபேனு?”

“அது சுத்தமா போயிடுச்சி,” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்திருக்கவேண்டும். பாய் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வளையல் அடுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனிப் பாட முடியாது. நாளை மறுநாள் திங்கட்கிழமை. நான் என்னென்னவோ சொன்னேன். காஞ்சிபுரத்தில் டாக்டர் பார்க்கலாம், பள்ளிக்குப் போன் போட்டு நாள் கேட்கலாம், நானே போய்க் காலில் விழுகிறேன் என்றேன். விழுவதற்கு உகந்த இடமாக அந்த அம்மாளின் அறை இருக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. ஹெட்போனை மறுபடி மாட்டினாள். முந்தின நாள் ஸ்டூல்மேலேயே விட்டுப்போன சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டாள். குரல் காணாமல் போகிற ஒவ்வோர் இடத்திலும் அவள் உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு முறை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

“பாய், இத அப்டியே சிடியில ஏத்திக் குடுங்க.”

“இதயா?”

“இதத்தான்.”

“பைத்தியம் கீது புடிச்சிகிச்சா ஒனக்கு?” என்றேன்.

அவள் நிறுத்தி நிறுத்திக் கிசுகிசுத்தாள். “நான் பாடிக் குடுத்தா, பசங்க என் தோள் மேல ஏறிக்கினு கூடவே பாடுதுங்க. நான் நிறுத்துனா அதுங்களும் நின்னுபூடும். ‘ச’வ அதுங்களுக்கே புடிக்கத் தெரியாது. இதுல அந்த எடத்துல நான் இல்ல. பெட்டியக் கேட்டு அதுங்கதான் வந்தாவணும்.” இவ்வளவு பேசியதற்கு இருமல் வந்தது. பாய் தண்ணீர் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரொம்ப நல்ல யோசனை என்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஓரிக்கை தாண்டும்வரை அவள் கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். பள்ளியில் கரஸ்பாண்டென்ட் அம்மாள் என்னைப் பார்த்து, “நீங்க?” என்றார்.

“இவங்களோட தொண்டைங்க மேடம்,” என்றேன். முந்தின நாளெல்லாம் ஒத்திகை பார்த்த பதில் வேறு. வாயில் வந்தது இது.

ஐந்தாம் வகுப்பு. பெஞ்சுகளில் பிள்ளைகள், பின்னால் நாற்காலியில் கரஸ்பாண்டென்ட் அம்மாள், கையில் பேனா. மேசைமேல் ஒலித்துக்கொண்டிருந்த சுருதிப் பெட்டியும் சிடி பிளேயரும். கரும்பலகையில் என் மனைவி எழுதிய ச ரி க ம ப த நி ச. என் மனைவி சைகை காட்ட, நான் வகுப்புக்கு விளக்கவேண்டும். எழுந்து நின்றேன். பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்தான் வரும்.

“இந்த ஒலிநாடாவில் நடுநடுவே காலி இடம் உள்ளது. மேற்படி காலி இடத்தில் பிள்ளைகளாகிய நீங்கள் வந்து, இன்று முதல் எவ்வித வில்லங்கமும் இல்லாமல் சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். சிடியை ஒலிநாடா என்றதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சிடி ஓடியது. காலி இடம் வந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ரி, க, ம என்று என் மனைவியின் குரல் வந்தது; மறுபடி காலி. கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மனைவி தாளம் போட்டபடி, கையால் வா வா என்று கூப்பிடுகிறாள். ஒன்றும் வரவில்லை.

“சிடி ரிப்பேருங்களா?” என்றார் கரஸ்பாண்டென்ட் அம்மாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த காலி இடம் வந்ததும் நானே ‘ச’ என்று பாடிவிட்டேன். நல்ல சத்தமாக. அது ‘ச’ அல்ல. வேறு எந்த ஸ்வரமும் அல்ல என்று பிறகு தெரிந்தது.

வகுப்பே சிரித்தது. முன்பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஐய, அது இல்ல சார். அந்தப் பொட்டியில வர்றது வேற.”

என் மனைவி சட்டென்று அவளிடம் போனாள். குனிந்து, சுருதிப் பெட்டியைக் காட்டி, எங்கே சொல் என்பதுபோல் கையை விரித்தாள். அந்தப் பெண் கொஞ்சம் நெளிந்தாள். பிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டு ‘ச’ என்றாள். பெட்டிக்குள்ளிருந்தே வந்ததுபோல் இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தவள் அதைப் பிடித்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொருவன். என் மனைவி சிடியை முதலிலிருந்து போடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

இந்த முறை என் மனைவி ரி, க, ம என்றாள். பிள்ளைகள் ‘ப’ என்றார்கள். அவள் த, நி என்றாள். அவர்கள் ‘ச’ என்றார்கள். கபடியில் மூச்சுப்பிடித்துக் காத்திருப்பவர்கள்போல அடுத்த காலி இடத்துக்காகக் காத்திருந்தார்கள். என்னை முறைத்துக்கொண்டும் இருந்தார்கள், நான் மறுபடி பாடிவிடுவேனோ என்று. கரஸ்பாண்டென்ட் அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

பிறகு அவர் அறையில் கேட்டார். “இந்த மாதிரி சிடி எந்தக் கடையில விக்கறாங்க?”

“கடையில கெடைக்காதுங்க மேடம். நாங்களே கம்ப்யூட்டர்ல பண்ணது.”

“கரெக்டா அந்த ரெண்டு ஸ்வரத்தை மட்டும் எடுக்கறது கஷ்டமான வேலையாச்சே?”

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். “ரொம்பக் கஷ்டம் மேடம்,” என்றேன். பொய் இல்லை.

ஜூனிலிருந்து வரச்சொன்னார். தொண்டை சரியானதும் ஒருநாள் வந்து நேரில் பாடிக் காட்டவேண்டும், அது சும்மா ஒரு முறைக்காக என்றார். என் மனைவி கைகூப்பினாள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அந்த அம்மாள் என்னிடம், “சார், ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள மத்த ஸ்வரத்துக்கும் இதே மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து சிடி போட்டுக் குடுத்துடுங்க,” என்றார்.

“ஆகட்டும் மேடம்.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ‘ரி’ மட்டும் பாடுகிற பெட்டி உலகத்தில் எங்கே இருக்கிறது? ‘த’வை எதைக் காட்டி அழிப்பது?

“ஒத்துக்கினு வந்துட்டேனே,” என்றேன். “எப்டி எடுக்கறதுன்னு சத்தியமா எனுக்குத் தெரியாது.”

அவளுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது, தகரத்தைச் சுரண்டுகிறாற்போல.

“எடுக்கணும்னு உக்காராதீங்க,” என்றாள். “நல்லா ஆக்கறேன்னு உக்காருங்க. தானாப் பூடும்.”